தனித் தட்டில் போட்ட கொத்து

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டுக்காரர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். நோர்வேயில் ஒருவர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால், ஒன்றில் கட்டடம் எரிகிறது, அல்லது நாங்கள் ஏதோ பிழை விட்டிருக்கிறோம். கட்டடம் எரியவில்லை. மனுசன் வாசலில் நின்றபடி, மிகவும் மரியாதையாக, நிலத்துக்குப் பலகை மாற்றுகிறீர்களா என்று கேட்டார். எங்கள் தொடர்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியல் அடிக்கக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது. மற்ற நாட்களில் அடிக்கலாம், அதற்கும் நேரகாலம் உண்டு.

வாயால் விளங்கப்படுத்தச் சரிவராது என்று அவரைக் குசினிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே என் மகள் ஆரணி அடுப்பில் ஒரு பெரிய இரும்புத் தட்டை ஏற்றி, சுவருக்குச் சாந்து பூசுகிற தகடு இரண்டை இரண்டு கையிலும் பிடித்து, ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தாள். தகடுகள் கட்டடச் சாமான் கடையில் வாங்கியவை. புதியவைதான், கழுவியவைதான்.

"இது சமையலா?" என்று கேட்டார்.

"சமையல்தான்."

"இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?"

அவள் ஐந்து விரலைக் காட்டினாள். மனுசன் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு ஒரு கோப்பையில் கொஞ்சம் போட்டு அனுப்பினோம். கோப்பை கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு சொக்கிலேட்டோடு.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஆரணி இந்தக் குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருவாள். கொத்து எப்படி வந்தது என்று இங்கே கேட்கிறவர்களுக்கு, "ஊருக்குப் போனபோது பழகினாள்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு முழுவதையும் எழுதலாம் என்று தோன்றியது.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். சாப்பிடமாட்டேன் என்கிறவர்களைச் சாப்பிட வைப்பதுதான் என் தொழில் என்று சொன்னால் பிழையில்லை. மீனை மசித்துத் திரும்பவும் மீன் மாதிரியே அச்சில் வார்ப்பேன். சூப்பைக் கட்டியாக்குவேன். இந்த வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு வகுப்பு வைத்துச் சொன்ன முதல் விசயம், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது. வற்புறுத்தக் கூடாது, ஏமாற்றக் கூடாது. சாப்பாட்டுக்குள் மருந்தை ஒளிப்பதென்றால்கூட வைத்தியர் முடிவெடுத்து எழுத்தில் தர வேண்டும். வேலையிடத்தில் இந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. வேலை முடிந்து சப்பாத்தைப் போட்டதும் மறந்துவிடுவேன்.

ஆரணிக்குப் பதினாறு வயது இருக்கும்போது நாங்கள் பேர்கனுக்குக் காரில் போனோம். நோர்வேயில் தூரப் பயணம் என்றால் பெற்றோல் நிலையத்தில் இறங்கி, மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றின சொசேஜ் சாப்பிட வேண்டும். இது இந்த நாட்டுக்காரரின் வழக்கம், எங்களுக்கும் தொற்றிவிட்டது. என் கணவர் வழக்கம்போல ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் நீட்டினார். ஆரணி வாங்கவில்லை. "நான் இனி மிருகம் சாப்பிடமாட்டன்" என்றாள்.

ஒரு கிழமைக்குத் தாங்காது என்று நினைத்தேன். மீன் நின்றது. முட்டை நின்றது. பாலும் தயிரும் நின்றன. பொங்கலுக்கு நெய் விட்டால் பொங்கலையும் தொடவில்லை. கடைசியில் தேனும் வேண்டாம் என்றாள். "தேன் உனக்கு என்னடி பாவம் செய்தது?" என்று கேட்டதற்குத் தேனீக்களின் தொழிலாளர் நிலைமை பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் வைத்தாள். நோர்வேஜிய மொழியில். தமிழ் வகுப்பையும் அதே காலத்தில்தான் விட்டாள். அதனால் எங்கள் வீட்டுச் சண்டை இரண்டு பாசையில் நடக்கும். நான் தமிழில் கத்துவேன், அவள் மற்றதில் மறுமொழி சொல்வாள். இரண்டு பேரும் மற்றவர் சொன்னதில் பாதியை விட்டுவிடுவோம்.

எனக்கு மிருகங்களோடு ஒரு கோபமும் இல்லை. என் பயம் வேறு. மீன்குழம்பு போச்சு, தயிர் போச்சு, நெய் போச்சு. ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எங்களைத்தான் எடுத்து வெளியே வைக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் "உனக்கு ரத்தம் வத்திப்போகும், இருந்து பார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

3

அக்கா வன்னியில், கண்டாவளையில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொஞ்சம் வயல், ஒரு பசு, இரண்டு அறை வீடு. அத்தான் முன்னமே நோய் வருத்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், பெயர் சுதன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் சனத்தோடு சனமாக இருந்தபோது, தண்ணீர் எடுத்துக்கொண்டு வாறன் என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

அன்றிலிருந்து அக்கா மச்சம் தொடுவதில்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றுமில்லை. பிள்ளை வந்து தன் கையால் வாங்கிச் சாப்பிடுமட்டும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். கடைச் சாப்பாடும் இல்லை, ஒரே சட்டியில் எல்லாம் சமைப்பார்கள் என்று. வன்னியில் இப்படி எத்தனையோ தாய்மார் இருக்கிறார்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் மற்ற அலுவல்கள் எல்லாம் சுகம் அம்மா என்று சொல்லியிருக்கிறார். அக்கா எழும்பி வந்துவிட்டார். இன்றைக்கும் அந்தக் கந்தோர் இருக்கிற ஒழுங்கையால் போகமாட்டார்.

ஒருமுறை அக்காவை நோர்வேக்குக் கூப்பிட முயன்றேன். சம்பளச் சிட்டை, வீட்டுப் பத்திரம், உறவு உறுதி, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை என்று ஒரு கோடைகாலம் முழுக்க அதிலேயே போனது. விசா மறுத்துவிட்டார்கள். விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்பதில் சந்தேகமாம். அவன் வந்து பார்த்தால் கதவு பூட்டிக் கிடக்குமே என்று ஓர் இரவு வெளியில் தங்காத மனுசி அது. வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

போன வருடம் அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கிறதென்றால் உடம்பில் ரத்தம் காணாது. மீன் சாப்பிடுங்கோ, முட்டை சாப்பிடுங்கோ, ஈரல் சாப்பிடுங்கோ என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரும்புக் குளிசை கொடுத்தால் அக்கா சத்தி எடுத்துவிடுகிறார். ஒப்பரேசன் இரண்டு தரம் தள்ளிப் போய்விட்டது. இனியும் தள்ளினால் ஆள் தாங்காது என்று அயல்வீட்டு மஞ்சுளா எனக்கு ரெலிபோனில் சொன்னாள்.

இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் ஆரணியைக் கூட்டிக்கொண்டு நான் வெளிக்கிட்டேன். அக்காவை மீன் சாப்பிட வைப்பது என்ற ஒரே நோக்கத்தோடு போனேன். தேவைப்பட்டால், குடும்பத்தில் ஒருவரும் இதுவரை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லாததையும் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். அக்கா, சுதன் இனி வரமாட்டான். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்படி ஒரு துணிவு வந்துவிடும். சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம்தானே.

4

போன அன்றைக்கே தொடங்கியது. எங்களுக்காக மஞ்சுளாவைக் கொண்டு வெளியடுப்பில் மீன் சமைப்பித்து வைத்திருந்தார் அக்கா. ஆரணி தட்டைக் கையால் மறைத்தாள்.

"பெரியம்மா, நான் மீன் சாப்பிடுறேல்லை. முட்டை, பால், ஒண்டும் இல்லை."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "ஆருக்குப் பிள்ளை நேர்ந்தனி?"

நேர்வது என்றால் என்னவென்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தருக்கும் இல்லை பெரியம்மா. மிருகங்களுக்கு" என்றாள்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"எப்பவும்."

"கடவுளே," என்றார் அக்கா, "என்னிலும் பெரிய நேத்தியாயெல்லோ இருக்கு!" கையோடு மீன் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சட்டி. நான் தனியாக இருந்து மீன் தின்றேன். நோர்வேப் பிள்ளை நேத்தி பிடிக்கிறாளாம் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. ஒரு அம்மா வேலிக்கு மேலால், "நல்ல மாப்பிள்ளை கிடைக்கவோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை, மாட்டுக்கு" என்றாள் இவள். அந்த அம்மா எங்கள் பசுவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த அலுவல் அலுவலாக இருந்தது. ஒருநாள் மீன்தலையைப் போட்டு நல்ல ரசம் வைத்து, அக்காவின் சோற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா மணந்து பார்த்தார். கையை எடுத்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நீங்கள் செத்துப்போனால் ஆர் பாக்கிறது? நீங்கள் மீன் தின்னாததாலை அவன் வந்திடுவானோ?"

அக்கா சோற்றையும் மூடி வைத்துவிட்டுப் பசுவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை. என்னிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் ஆரணியிடம் சொல்வார். "கொம்மாவிட்டைச் சொல்லு, தண்ணி கொதிச்சிட்டுது." நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன். ஆரணி திரும்பி, "அம்மா, தண்ணி கொதிச்சிட்டுதாம்" என்பாள். பாவம், தமிழ் வகுப்பில் படித்ததைவிட அந்த இரண்டு நாளில் கூடப் பேசினாள்.

5

கிளினிக் வவுனியாவில். விடியவே வான் பிடித்துப் போனோம். போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வான் தானாக நின்றது. அங்கே நிற்காமல் போகிற சாரதி இன்னும் பிறக்கவில்லை. கும்பிட்டு, கச்சான் கடலை வாங்கி, ஏறினோம். அக்கா பிள்ளையாருக்கு முன்னால் நின்ற நேரம் கொஞ்சம் கூடத்தான்.

வைத்தியர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போனமுறையிலும் குறைவு. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அதற்குள் ஏறாவிட்டால் என்ன செய்வதென்று தனக்கும் தெரியவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். நல்ல மனுசன். அக்கா "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று கேட்டுக்கொண்டார். வானில் ஏறியதும் யன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓமந்தை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு கொத்துக்கடை. பெயர் போடவில்லை, விளம்பரம் செய்தேன் என்பீர்கள். விரால்கொத்துக்குப் பேர்போன கடை. குளத்து விராலைப் பொரித்து, முள் எடுத்து, உதிர்த்துக் கொத்தில் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்து அனுப்புவதால், நோர்வேயில் இருக்கிற எங்களுக்கும் அந்தத் தகரக் கூரையின் நிறம் தெரியும். எனக்குப் பசி. அதைவிட எனக்கு ஒரு திட்டமும் இருந்தது. விரால் பொரிகிற மணம் பட்டால் எந்த மனுசியும் இளகும் என்று நினைத்தேன். சுதன் இருந்த காலத்தில் அக்கா வைக்கிற விரால் குழம்புக்கு நான் பரந்தனிலிருந்து சைக்கிள் மிதித்து வருவேன். வானை நிற்பாட்டச் சொன்னேன்.

அக்கா இறங்கவில்லை. "நீங்கள் சாப்பிட்டிட்டு வாங்கோ" என்றார். அதையும் ஆரணியைப் பார்த்துத்தான்.

கடைக்காரர் முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும். ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் பல வருடம் இருந்து, திரும்பி வந்து கடை போட்டவர். எல்லோரும் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வாங்கோ தங்கச்சி. எத்தினை விரால்?"

"எனக்கு ஒண்டு, டிரைவருக்கு ஒண்டு."

"மகளுக்கு?"

"மீன் வேண்டாம். முட்டை, நெய், பால் ஒண்டும் வேண்டாம்" என்றாள் ஆரணி, மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிற மாதிரி.

நானா கொத்துகிற கையை நிறுத்தினார். "விரதமோ மகள், நேத்தியோ?"

தேனீ தொடக்கம் விளங்கப்படுத்தினால் பொழுது போய்விடும் என்று அவளுக்கு இதற்குள் தெரிந்திருந்தது. "நேத்தி" என்றாள்.

"அப்ப கொஞ்சம் பொறுங்கோ. இந்தத் தட்டிலை போடேலாது."

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் சைவச் சனம் வரும் என்பதால் மரக்கறிக்கென்று தனித் தட்டு, தனித் தகடு, தனி எண்ணெய். மற்ற நாட்களில் அது பின்சுவரில் துணி சுற்றித் தொங்கும். அன்று செவ்வாய்க்கிழமை.

"பறவாயில்லை நானா, இதிலையே ஒரு கரையாப் போடுங்கோ" என்றேன். எனக்கு அவசரம்.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நேர்ந்தது நீங்கள் இல்லைத்தானே?"

போய் ஒரு மேசையில் இருந்தேன்.

நானா தட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். கடைக்குள் இடம் காணாது. வேம்புக்குக் கீழே, எங்கள் வானுக்குப் பக்கத்தில், குழாயடியில் வைத்துத் தேசிக்காய் போட்டுத் தேய்த்தார். சுடுதண்ணீர் ஊற்றினார். தகடுகளைத் தனியாகக் கழுவினார். தன் கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு காஸ் அடுப்பொன்றை வெளியே தூக்கி வந்து பற்றவைத்து, புது எண்ணெய்ப் போத்தலின் மூடியை உடைத்தார். ஒருவருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அவர் வேலை செய்கிற விதமே அப்படி.

எல்லாவற்றையும் அக்கா வான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வான் கதவு இழுபட்ட சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரொட்டிக்கு முட்டை போடுறனீங்களோ தம்பி?"

"இல்லை அக்கா. மா, உப்பு, எண்ணெய், தண்ணி. வேற ஒண்டும் இல்லை."

"இது இந்தப் பிள்ளைக்கோ?"

"ஓம் அக்கா. நேத்தியாம்."

"நானும் நேத்திதான்" என்றார் அக்கா.

"அப்ப ரெண்டாப் போடுறன்" என்றார் நானா. ஆருக்காக என்று கேட்கவில்லை. வன்னியில் அக்காவின் வயதுப் பெண்ணிடம் அதை ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு விரால்கொத்து வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், பேருக்கு ஏற்ற சாமான்தான். மீன் உதிரி உதிரியாக, விளிம்பு மொறுமொறுவென்று, மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாக. எண்ணெய் கொஞ்சம் கூட. ஆனால் அதை ருசித்துச் சாப்பிட எனக்கு மனம் ஓடவில்லை. கண் முழுக்க வேம்படியில்தான்.

அங்கே ஆரணி நானாவுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடலை அவித்தது இருக்கோ, இருந்தால் நிறையப் போடுங்கோ. அந்த மரத்திலை இருக்கிறது முருங்கையோ, இலை பிடுங்கலாமோ. தேசிக்காய்ப் புளி கடைசியிலை, அடுப்பை நிப்பாட்டினாப் பிறகு. நானா சிரித்துக்கொண்டு, "இந்தாங்கோ, நீங்களே போடுங்கோ" என்று தகடுகளை அவள் கையில் கொடுத்துவிட்டார். முதலில் தாளமில்லாமல் டங் டங்கென்று அடித்தாள். கையை விறைப்பாகப் பிடிக்காதேங்கோ மகள், மணிக்கட்டை விடுங்கோ என்று அவர் சொல்லச் சொல்ல, சத்தம் சீருக்கு வந்தது. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்தோம். நானா வழக்கப்படி எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அக்கா கை நீட்டினார். ஆரணி கோப்பையைத் தன் கையால் மூடினாள்.

"இப்ப இல்லை பெரியம்மா. சாப்பிட்டுக் கன நேரத்துக்குப் பிறகு."

"ஏன் பிள்ளை?"

"தேத்தண்ணி சாப்பாட்டிலை இருக்கிற இரும்பை உடம்பிலை சேரவிடாது."

"ஆர் சொன்னது?"

"டொக்டர். எனக்கும் ரத்தம் குறைஞ்சது. போன வருசம்."

எப்போது, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நோர்வேஜியத்தில் கேட்டேன். அவள் தமிழில் மறுமொழி சொன்னாள்.

"சொன்னால் 'பாத்தியோ' எண்டு கேப்பியள். அதுதான் சொல்லேல்லை."

கேட்டிருப்பேன். கட்டாயம் கேட்டிருப்பேன். பிள்ளை தனியாக வைத்தியரிடம் போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, என்ன தின்ன வேண்டும் என்று கேட்டு, வெளியிலேயே கடலையும் பயறும் கீரையும் வாங்கித் தின்று சரிப்படுத்தியிருக்கிறாள். நான் குசினியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்த அதே நாட்களில். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது, இவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் கொத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அக்கா கேட்டார்: "மீன் இல்லாமலோ ஏறினது?"

"ஓம்."

"முட்டை?"

"இல்லை பெரியம்மா. கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ஆனால் நிறையச் சாப்பிடோணும். நீங்கள் ஒரு நேரம்தானே சாப்பிடுறியள். சோறு, ஒரு கறி. பிறகு தேத்தண்ணி, தேத்தண்ணி, தேத்தண்ணி."

அது முழு உண்மை. வைத்தியர், மஞ்சுளா, நான், எல்லோரும் அக்கா எதைச் சாப்பிடுவதில்லை என்றுதான் பார்த்தோம். எதைச் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தது இவள் ஒருத்திதான். ஒன்றில் மீன், இல்லாவிட்டால் மகன் என்று நாங்கள் அந்த மனுசிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தோம். அவர் மகனை எடுத்துக்கொண்டார். எந்தத் தாயும் அதைத்தான் எடுப்பாள்.

முடிவை அறிய நினைக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ரத்தம் மெதுமெதுவாக ஏறியது. ஒரு மாதத்தில் அல்ல, இன்னும் ஒருமுறை தள்ளிப்போட்டு, மாரி தொடங்க முன்னர் ஒப்பரேசன் நடந்தது. ஆஸ்பத்திரியில் மஞ்சுளா கூட இருந்தாள். அத்தனை நாளும் அவளுடைய மனுசன் அக்காவின் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விறாந்தையில் படுத்தான். அக்கா போட்ட ஒரே நிபந்தனை அது. நான் இங்கே சூப்பைக் கட்டியாக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் எழுத வந்தது அந்த மேசையில் நடந்ததைத்தான்.

அக்கா பாதித் தட்டோடு களைத்துப் போனார். அவ்வளவு சாப்பிட்டுப் பழக்கமில்லாத வயிறு. எனக்கு வழக்கமாக வருகிற "இன்னும் ரெண்டு வாய்" நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "காணும் எண்டால் விடுங்கோ அக்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு நாளுக்குப் பிறகு, நேரே என்னோடு.

"வசந்தி, உனக்காகச் சாப்பிடுறன் எண்டு நினையாதை."

"இல்லை அக்கா."

"அவன் வாற நேரம் நான் இல்லாமல் போனால் பிள்ளை ஆரிட்டைப் போறது? வீடு அவனுக்குத் தெரியும். ஆனால் உள்ளுக்கை ஆள் இருக்கோணுமெல்லோ."

சொல்ல வந்ததைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அறிந்தவள் மாதிரி. நான் அக்காவைப் பார்த்தேன். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. கடைவாயில் ஒரு முருங்கையிலை ஒட்டியிருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அக்கா வாய் நிறைய மெல்லுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"ஓம் அக்கா," என்றேன், "ஆள் இருக்கோணும்."

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வேம்படிப் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கடலை இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று குரல் கொடுத்தார்.